சிவப்பு நிலவின் அறுபத்தெட்டு நிமிடங்கள்

இதை நீங்கள் நம்பினால் எனக்கு லாபம் எதுவும் இல்லை. நம்பாமல் போனால் நஷ்டமும் இல்லை. ஆனால் நடந்தது. நடந்தபோது நான் குடித்திருக்கவில்லை, தூக்கக் கலக்கத்தில் இல்லை, காய்ச்சலும் இல்லை. நான் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஒரு பொருள் தானாக நகர்ந்தால் அது ஏன் நகர்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பதினெட்டு வருடத்தில் காரணம் தெரியாத கோளாறு என்று ஒன்றைக்கூட நான் விட்டு வந்ததில்லை. இதைத் தவிர.

நாலு வருடத்துக்கு முன்பு நடந்தது. அப்போது ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் மேல் தளத்தில் குடியிருந்தோம். நான், என் மனைவி, அவள் தம்பி, மூன்றே பேர். மனைவிக்கு டாக்சி கம்பெனியில் வேலை. வயர்லெஸ்ஸில் உட்கார்ந்து முப்பது வண்டிக்கு வழி சொல்ல வேண்டும். எவன் எங்கே முட்டிக்கொண்டு நின்று கத்தினாலும் அவள் குரல் மட்டும் ஏறாது. தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். எல்லோரும் அவனை ஒல்லி என்றுதான் கூப்பிடுவோம். "நீ குறுக்கே நின்னாக்கூட கிரகணம் வராதுடா" என்று நான் கிண்டல் செய்வேன். கோபமே வராது அவனுக்கு. வானத்தில் புள்ளியாக எது தெரிந்தாலும் பெயர் சொல்லுவான்.

ஒரு டெலஸ்கோப் வைத்திருந்தான். குழாய் பழையது. லென்ஸ் அவனே தேய்த்துப் போட்டது. மோட்டார் கிடையாது, கையால்தான் திருப்ப வேண்டும். அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். "வானத்துல எது மேல, எது கீழ மாமா? எல்லாம் ஒண்ணுதான்" என்பான்.

அன்று முழுச் சந்திர கிரகணம். சாயங்காலம் 6:50க்கு மாடிக்குப் போனோம். நல்ல குளிர். டிவியில் ஏதோ இறுதிப் போட்டி என்பதால் ஊரே அறைக்குள் கிடந்தது. மொட்டை மாடியில் எங்களைத் தவிர ஆள் இல்லை. நடுவில் லிஃப்ட் மோட்டார் அறை. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. படிக்கட்டுக்கு ஒரே ஒரு இரும்புக் கதவு. ஒல்லி டெலஸ்கோப்பைத் தொட்டிப் பக்கம் நிறுத்தினான். மனைவி கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டாள். என் பையில், பழக்க தோஷம், ஒரு பெரிய ஸ்பேனர்.

7:08க்கு நிலாவின் ஓரம் கறுத்தது. ஏதோ கடித்த மாதிரி. ஒல்லி மணியைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினான். பக்கத்தில் வியாழன் பளீரென்று நின்றது. "அது நம்ம பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி அக்கா. எப்பப் பாரு வெளிச்சம் போட்டுட்டு நிப்பார்" என்றான். சிரித்தோம். ஃப்ளாஸ்க்கில் இருந்த காப்பியைப் பகிர்ந்து குடித்தோம்.

8:11. நிலா முழுதும் சிவந்தது.

அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அழகாக இல்லை. ஆறிப்போன ரத்தம் மாதிரி ஒரு நிறம். சுவர், தொட்டி, எங்கள் கை எல்லாம் அந்த நிறத்தில் இருந்தது. "9:19 வரைக்கும் இப்படித்தான் இருக்கும். அறுபத்தெட்டு நிமிஷம்" என்றான் ஒல்லி. குனிந்து கண்ணை வைத்தான்.

8:23. அவன் எழுந்திருக்கவில்லை.

"மாப்ளே, விடுடா. நாங்களும் பாக்கணும்."



8:34. இன்னும் அதே நிலை. இரண்டு கையும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோட்டார் இல்லாத குழாய் அது. கையால் தள்ளிக்கொண்டே இருக்காவிட்டால் இரண்டே நிமிடத்தில் நிலா வெளியே போய்விடும். இவன் பதினோரு நிமிடமாகக் கையே வைக்கவில்லை. எதைப் பார்க்கிறான்?

குழாயைப் பார்த்தேன். அது நிலாவை நோக்கி இல்லை. படுக்கைவாட்டில், தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எதிர்க் கட்டடத்தின் மாடியை நோக்கி இருந்தது. யாரும் தொடவில்லை. ஆனால் கடிகார முள் மாதிரி... மெல்ல மெல்ல... நகர்ந்துகொண்டிருந்தது.

தோளைப் பிடித்து இழுத்தேன். அவன் வலது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"மாமா... நிறுத்தவே மாட்டேங்கறான்."

"யாருடா?"

"அடிச்சுட்டே இருக்கான் மாமா."

நான் கண்ணை வைத்தேன்.

எதிர் மாடி தலைகீழாகத் தெரிந்தது. ஒருவன் நின்றிருந்தான். அவனும் தலைகீழ்தான். கையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி. காலடியில் இன்னொருவன் கிடந்தான். கம்பி உயர்ந்தது. இறங்கியது. உயர்ந்தது. இறங்கியது. அவசரமே இல்லை. கிடந்தவன் ஒரு கையால் இவன் காலைப் பிடித்தான். கம்பி அந்தக் கைமேல் இறங்கியது. விரல்கள் இருந்த இடத்தில் விரல்களின் வடிவம் இல்லை. சத்தம் துளிகூட இல்லை. நான் எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. ஒன்பது அடி.

கண்ணை எடுத்து நேரே பார்த்தேன்.

எதிர் மாடி காலி. துணி காயப்போடும் கம்பிகள், ஒரு தொட்டி. அவ்வளவுதான்.

மனைவி பைனாகுலரை உயர்த்தினாள். "ஏங்க! ஒருத்தனை அடிச்சுக் கொல்றாங்க!" பைனாகுலரை இறக்கினாள். மறுபடி உயர்த்தினாள். அவளுக்கும் கண்ணாடி வழியாக மட்டும்தான் தெரிந்தது.

"ஃபோகஸ் நிலாவுக்கு வெச்சது மாமா" என்றான் ஒல்லி. பல் அடித்துக்கொண்டது. "எதிர் மாடி தெரியவே கூடாது. வெறும் கலங்கலாத்தான் இருக்கணும்."

8:39. மனைவி போலீசுக்கு போன் செய்தாள். வருகிறோம் என்றார்கள். கீழே இருக்கிற வாட்ச்மேனுக்கு அடித்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை.

நான் மறுபடி குனிந்தேன். குனிந்திருக்கக் கூடாது.

அவன் அடிப்பதை நிறுத்தியிருந்தான். தலையைத் திருப்பினான். தலைகீழான அந்த முகம் நேராக என் கண்ணுக்குள் பார்த்தது. கம்பியை நீட்டினான். என்னை நோக்கி ஒரு தடவை. கொஞ்சம் தள்ளி ஒரு தடவை. இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு தடவை.

எங்களை எண்ணினான்.

கண் சிமிட்டினேன். அவன் இல்லை. கிடந்தவன் மட்டும் இருந்தான். நசுங்காத கை மூடி மூடித் திறந்தது.

8:41.

க்ளாக்.

மோட்டார் அறைக்குள் ரிலே சுவிட்ச் விழுந்த சத்தம். கீழே யாரோ லிஃப்ட்டை எடுத்துவிட்டார்கள். அந்தப் பெட்டி ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் ஒரு க்ளாக் வரும். தூக்கத்தில் கேட்டால்கூட எந்த மாடி என்று சொல்லுவேன்.

க்ளாக். ஒன்று.

க்ளாக். இரண்டு.

"வாட்ச்மேனா இருக்கும்" என்றாள் மனைவி.

மூன்று. நான்கு. ஐந்து.

ஆறில் நின்றது. லிஃப்ட் கதவு திறந்தது. மாடிக்கு வரும் பதினெட்டுப் படியில் காலடி. தடக்... தடக்... கூடவே ஒவ்வொரு படியிலும் இரும்பு உரசும் சத்தம். கிறீச்... கிறீச்...

ஓடிப்போய் இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

8:46. முதல் அடி.

கதவு எங்கள் பக்கம் புடைத்துக்கொண்டு வந்தது. என் நெஞ்சுக்கு நேரே ஒரு முட்டை அளவு. இரண்டாவது அடி அதற்குப் பக்கத்தில். நானும் ஒல்லியும் முதுகைக் கொடுத்து முட்டிக்கொண்டு நின்றோம். "யாருடா நீ?" என்று கத்தினேன். பதிலுக்கு அடி. ஒவ்வொரு அடியும் முதுகெலும்பு வழியாகப் பல்லுக்கு வந்தது. மனைவி கைப்பிடிச் சுவரில் குனிந்து தெருவைப் பார்த்துக் கத்தினாள். எல்லா வீட்டிலும் டிவி சத்தம். யாரோ கோல் போட்டார்கள் போல. தெருவே ஆரவாரம் செய்தது.

9:02. தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டது. கதவு எங்கள் இரண்டு பேரையும் தூக்கி எறிந்தது.

வாசலில்... யாரும் இல்லை.

படிக்கட்டு விளக்கு எரிந்தது. படிகள் காலி. நான் மூச்சு விட்டேன்.

"ஏங்க." தொட்டிப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல். பைனாகுலர் அவள் கண்ணில் இருந்தது. "அசையாதீங்க. வாசல்ல நிக்கறான்."

"யாருமே இல்லையே..."

"நிக்கறான். கம்பியைத் தூக்கறான். தம்பி, குனி!"

ஒல்லி குனிவதற்குள் காற்று கிழிந்தது. விஷ்ஷ்... பச்சை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் இடது தோள் இறங்கிப்போனது. அவன் அலறியதை நான் எழுதப் போவதில்லை.

மனைவியின் குரல் ஏறவில்லை. வயர்லெஸ்ஸில் வண்டிக்கு வழி சொல்கிற அதே குரல். "ஏங்க, உங்களுக்கு வலது. ஆறடி. வர்றான். பின்னால போங்க. இன்னும்... இடது. குனிங்க."

குனிந்தேன். தலைக்கு மேலே விஷ்ஷ்... பின்னால் இருந்த தொட்டியில் விழுந்தது. தொட்டி கிழிந்து தண்ணீர் பீறிட்டது.

"இடது. நாலடி... பக்கத்துல வந்தா கலங்குது. சரியாத் தெரியல."

"பத்தடிக்கு உள்ள... ஃபோகஸ் ஆகாது அக்கா..." தரையில் கிடந்துகொண்டே ஒல்லி முனகினான்.

"தெரியற வரைக்கும் சொல்றேன்."

என் இடது முழங்கையில் விழுந்தது. கை மரத்துப் போனது. இடுப்பில் விழுந்தது. மடிந்து உட்கார்ந்தேன். தரையில் பரவிய தண்ணீரில் ஒரு காலடி வட்டம் விழுந்தது. அடுத்தது. என்னைத் தாண்டி ஒல்லியை நோக்கிப் போனது.

"அவன்கிட்ட போறான்! உங்க முன்னால! இப்ப!"

பையிலிருந்து ஸ்பேனரை உருவிக்கொண்டு எழுந்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து வீசினேன்.

பட்டது.

காற்றில் இல்லை. எலும்பில். எதுவோ இரண்டாக உடைந்ததை என் கை உணர்ந்தது. வெதுவெதுப்பாக ஏதோ மணிக்கட்டில் தெறித்தது. பார்த்தேன்... ஒன்றும் இல்லை.

பிறகு கழுத்து.

பிடித்தது ஒரே கை. தூக்கி நிறுத்தியது. பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனது. கைப்பிடிச் சுவர் இடுப்பில் இடித்தது. மேலே சிவப்பு நிலா. கீழே ஆறு மாடி. என் கால் தரையை விட்டது.

மனைவி ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

மூச்சு இல்லை.

காதில் மட்டும் இரைச்சல்.

நிலாவின் இடது ஓரத்தில்... ஊசி முனை அளவு... வெள்ளை.

கை விட்டது.

9:19.

இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தோம். வெள்ளை வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. மனைவி பைனாகுலரை எடுத்து மாடி முழுதும் பார்த்தாள். எதிர் மாடியையும் பார்த்தாள். "இல்ல" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

போலீஸ் 9:40க்கு வந்தது. எதிர் மாடிக்குப் போனார்கள். பூட்டு துருப்பிடித்திருந்தது. திறந்து பார்த்தால் தூசியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. திரும்பி வந்து என்னைப் பார்த்தார்கள். ஈரத்தில் நனைந்து நிற்கிறேன், கையில் ஸ்பேனர், மச்சானுக்குத் தோளெலும்பு மூன்று துண்டு. யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்களோ அதைத்தான் அவர்களும் நினைத்தார்கள். ஒல்லி ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டே, "மாமா அடிக்கல சார், மாமா அடிக்கல சார்" என்று எத்தனை தடவை சொன்னானோ தெரியாது. அதனால்தான் நான் வெளியே இருக்கிறேன்.

மறுநாள் நானே லிஃப்ட்டின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 8:41க்கு யாரும் பொத்தானை அழுத்தியதாகப் பதிவு இல்லை.

இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்தோம். முன்னூறு கிலோமீட்டர் தள்ளி, தரைத்தளத்தில் வீடு. ஒல்லி டெலஸ்கோப்பைப் பிரித்து எங்கோ போட்டுவிட்டான். எங்கே என்று நான் கேட்கவில்லை.

போன வருடம் இன்னொரு முழுக் கிரகணம் வந்தது. நாங்கள் எல்லா சன்னலையும் சாத்தித் திரையை இழுத்துவிட்டோம். மனைவிக்கு அன்று காய்ச்சல். மாத்திரை போட்டு ஏழரைக்கே தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கிரகணம் விடும்வரை அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது நாள் கழித்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். பழைய ஊரிலிருந்து. கையில் எங்களுடைய பழைய புகார்.

"எதிர்க் கட்டடத்துல கொலை. இப்ப வந்த கிரகணத்தன்னைக்கு. அண்ணன் தம்பி தகராறு. அண்ணன்காரன் தம்பியை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் கம்பியால அடிச்சுட்டான்."

புகாரின் மேல் விரலை வைத்தார்.

"ரெண்டு பேரும் அங்க குடி வந்தே ஏழு மாசம்தான் ஆகுது. நீங்க புகார் குடுத்தப்ப அவங்க இந்த நாட்டுலயே இல்ல. ஆனா நீங்க எழுதிக் குடுத்திருக்கறது அப்படியே நடந்திருக்கு. நசுங்கின கை வரைக்கும்."

"அவனைப் பிடிச்சுட்டீங்களா?" என்று கேட்டான் ஒல்லி.

"பிடிச்சாச்சு. உங்க பழைய மாடியிலதான். வாட்ச்மேன் போனப்ப அங்க தனியா நின்னுட்டுக் காத்தை அடிச்சுட்டு இருந்திருக்கான். எதுக்குன்னு கேட்டா, எதிர் மாடியில மூணு பேர் நான் அடிச்சதைப் பாத்துட்டாங்க, அவங்களையும் முடிக்கத்தான் வந்தேன்கறான்." தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். "அவன் தாடை ரெண்டா ஒடஞ்சிருந்தது. அங்க வேற ஆளே இல்ல. அடிச்சது யாருன்னு டாக்டர் கேக்கறார். நான் என்ன எழுதறது?"

நான் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பிக்காரன்?" என்றாள் மனைவி. "உடனே போயிட்டானா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"இல்லம்மா. அரை மணி நேரம் உயிரோட கெடந்திருக்கான். யாராவது போயிருந்தா பொழச்சிருப்பான்னு டாக்டர் சொல்றார். ஆனா சத்தம் கேட்டது உங்க பழைய கட்டடத்துப் பக்கம். ரெண்டு கட்டடத்து ஆளுங்களும் உங்க பழைய மாடிக்குத்தான் ஓடியிருக்காங்க. எதிர்ல யாரும் பாக்கல."

"என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

அவர் காகிதங்களைப் புரட்டினார்.

"ஒரு பொம்பளைக் குரல். பதினோரு பேர் சாட்சி சொல்லியிருக்காங்க. கத்தல, அழல. ரொம்ப நிதானமா... 'வலது, ஆறடி. இடது, நாலடி'ன்னு."

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கிரகணம் முழுதும் நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அவள் உதடு அசையவே இல்லை.